துணையாள் வராத காலை

பூட்டின் சத்தம் இன்னும் வரவில்லை. ஆறு மணிக்கு வரவேண்டும். வாசல் கம்பிக் கதவில் தொங்குகிற நம்பர் பூட்டின் சக்கரங்களை மாரிக்கனியக்கா பெருவிரலால் உருட்டுகிற அந்தக் கிர்கிர் சத்தத்தில்தான் நான்கு வருஷமாக எனக்கு விடிகிறது. இப்போது ஆறேகால் இருக்கும். பால் வண்டி போய்விட்டது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி, மாடித் தொட்டி நிறைந்து, தண்ணீர் வழிந்து சுவரில் அடித்து, யாரோ ஏசிக்கொண்டே ஓடிவந்து நிறுத்தியும் ஆயிற்று. நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன், நேற்று எட்டரைக்கு அக்கா படுக்கவைத்துவிட்டுப் போன அதே மாதிரி, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, முதுகுக்கு அண்டைகொடுத்து ஒரு தலையணை. காது எரிகிறது. ஒரே காதின் மேல் ஒன்பது மணி நேரம் தலை கிடந்தால் அந்தக் காதுதான் முழு உடம்பும் என்று ஆகிவிடுகிறது, அதுவும் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே சொல்லாத உடம்பாக இருந்தால். வலது கையை முழங்கை வரைக்கும் தூக்குவேன். இடது கையைத் தோளோடு சேர்த்து நகர்த்துவேன். விரல்கள் பதினாறு வருஷமாக என் பேச்சைக் கேட்பதில்லை. அக்கா வந்தால் திருப்பிவிடுவாள், மூத்திரப் பையை மாற்றுவாள், உடம்பு துடைத்து, நேற்றே தேய்த்து மடித்துவைத்த சந்தனக் கலர் சுடிதாரைப் போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் தூக்கி உட்காரவைப்பாள். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். பத்து மணிக்கு மாவட்ட ஆபீசிலிருந்து மேடம் வருகிறார்கள். பத்து மணிக்கு நான் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதில் அடுத்த வருஷத்துக் காலண்டரின் மெய்ப்பு திறந்திருக்க வேண்டும், மேடம் உள்ளே வரும்போது நான் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கிற கோணம்கூட யோசித்து வைத்திருக்கிறேன். கேவலம்தான். ஆனால் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

போன் அடித்தது. கட்டில் சட்டத்தில் வளைத்துக் கட்டிய கம்பியில் என் முகத்துக்கு நேராக அது தொங்குகிறது, பேசினால் போதும், எடுத்துக்கொள்ளும். "வடிவு," என்றாள் மாரிக்கனியக்கா, பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம், "வடிவு, நாந்தான். எங்க வீட்டுக்காரரு சைக்கிளோட பள்ளத்துல விழுந்துட்டாரு. கையத் தூக்க முடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டேன். எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டுத்தான் விடுவாகளாம். பதினோரு மணியாயிரும் போலிருக்கு." நான் அவருக்கு வேறெங்கும் அடியில்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்குப் பாத்து இப்படி ஆயிருச்சே. நீ அண்ணனக் கூப்பிட்டுக்கோ," என்றாள். "நான் பாத்துக்கிறேன்க்கா. நீ அவரப் பாரு," என்றேன். போன் அணைந்து இருண்டுவிட்டது. பார்த்துக்கொள்கிறேன். எதை? ஜன்னலை, ஜன்னல் கம்பியின் நிழலை, நிழல் சுவரிலிருந்து அலமாரிக்கு நகர்வதை. தலைமாட்டில் குழாய் வைத்த தண்ணீர் பாட்டில் இருக்கிறது, விடியற்காலையிலேயே உறிஞ்சித் தீர்த்துவிட்டேன், அக்காதான் வந்துவிடுவாளே என்கிற தைரியத்தில். மூத்திரப் பை இரண்டு லிட்டர் பிடிக்கும், மத்தியானம்வரை தாங்கும். காது தாங்காது. மேடம் வந்து பார்க்கும்போது நான் நைட்டியோடு, வாய்கூடக் கொப்பளிக்காமல், சுவரைப் பார்த்துக் கிடப்பேன். அவர்களிடம் ஒரு படிவம் இருக்கும். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்.

கேள்வி எனக்குத் தெரியும். போன மாசம் விருதுநகர்ப் பக்கம் என்னைப் போன்ற ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள், அவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். பயனாளியால் தனித்து வாழ இயலுமா, ஆம், இல்லை. குடும்பத்தினர் உள்ளனரா, ஆம், இல்லை. எங்கள் திட்டம் நான்கு வருஷத்துக்கு முன்னால் சோதனைக்காக ஆரம்பித்தது, மாவட்டத்துக்கு நாற்பது பேர், அவரவர் வீட்டில் அவரவர் இருக்கலாம், ஒரு துணையாளை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், துணையாளின் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். வருகிற வருஷம் மார்ச்சோடு சோதனை முடிகிறது. மேலே எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ பேசினார்களாம், குடும்பம் உள்ளவர்களைக் குடும்பம் பார்க்கட்டும், இல்லாதவர்களை இல்லத்தில் சேர்த்துவிடலாம், அதே பணத்தில் இன்னும் நிறையப் பேரை வைத்துப் பார்க்கலாம் என்று. வைத்துப் பார்க்கலாம். நான் மெய்ப்புத் திருத்துகிறவள், எனக்கு வாக்கியத்தில் ஒரு சொல் இடறினால் மேலே போக முடியாது, அங்கேயே நிற்பேன். வைத்து. குடத்தை வைத்து, விளக்கை வைத்து, மூட்டையை வைத்து. பன்னிரண்டு வருஷம் அண்ணன் என்னை வைத்துத்தான் பார்த்தான். அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அப்படிப் பார்த்தான்.

கூப்பிட்டால் இருபது நிமிஷத்தில் வந்துவிடுவான். பால்வண்ணன் என்று போனிடம் சொன்னால் போதும். கடைச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, வண்டியை மிதித்து, ஹெல்மெட்கூடப் போடாமல் வருவான். என்னைத் திருப்புவான், ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பான், முகம் துடைத்துவிடுவான். பத்து மணிக்கு மேடம் வரும்போது நாற்காலியில் நான் இருப்பேன், நாற்காலிக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான். மேடம் என்னைக் கேட்கிற கேள்விக்கு அவன் பதில் சொல்வான். அவனுக்கு அது தெரியாது, தன் வாயிலிருந்து வருகிறது என்பதே தெரியாது, எனக்குக் காய்ச்சலா என்று டாக்டர் கேட்டாலும் அவன்தான் சொல்வான். மேடம் எழுதுவார்கள், குடும்பத்தினர் உள்ளனர், அன்பாக உள்ளனர். அவ்வளவுதான், முடிந்தது. கூப்பிடக்கூடாது. ஆனால் கூப்பிடாவிட்டால் இப்படிக் கிடப்பேன், தனித்து வாழ இயலாது என்று எழுதுவார்கள். கூப்பிட்டால் அந்தக் கட்டம், கூப்பிடாவிட்டால் இந்தக் கட்டம். பால் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வண்ணனை விழுங்கிவிட்டேன். போன் பாதிப் பெயரைக் கேட்டு விழித்துப் பார்த்து, மறுபடி இருண்டது.

அண்ணன் வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது, அப்போது. வீடு கட்டிப் பணம் தீர்ந்துபோய்ப் பூச்சு வேலையோடு நின்றிருந்தது. மழை வருகிறது என்று துணி எடுக்க ஓடினேன், இருபத்திரண்டு வயது, கையில் மதினியின் பாவாடையும் அண்ணனின் சட்டைகளும், கடைசிச் சட்டை கொடியின் மூலையில் இருந்தது, ஒரு அடி பின்னால் வைத்தேன். சட்டைகள் எனக்குக் கீழே விழுந்தனவா மேலே விழுந்தனவா என்பது இன்றுவரை நினைவில்லை. நான் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்திலேயே அண்ணன் கடன் வாங்கி அந்தச் சுவரைக் கட்டிவிட்டான், இடுப்புயரம் போதும் என்று கொத்தனார் சொல்லியும் கேட்காமல் நெஞ்சுயரத்துக்கு. தெருவிலிருந்து பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். அந்தக் கோட்டையை ஒட்டித் தகரம் போட்ட பின்னறையில் பன்னிரண்டு வருஷம். மதினி ஜெயக்கொடி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலையை வீட்டிலேயே வாங்கிச் செய்துகொண்டிருந்தாள், பசைக் கையோடு எழுந்து, கையைக் கழுவி, பின்னறைக்கு வந்து, என்னைத் தூக்கி, அடியில் பேசின் வைத்து, காத்திருந்து, கழுவி, துணி மாற்றி, மறுபடி போய் உட்காருவாள். எழும்போது அவள் முழங்கால் சொடக்கென்று ஒரு சத்தம் போடும். அது ஒன்றுதான் அவள் சொன்ன குறை, அதையும் அவள் சொல்லவில்லை, எலும்பு சொன்னது. அந்தச் சத்தத்தைக் குறைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீரைக் குறைத்தேன். காலையில் அரை டம்ளர், மத்தியானம் சோற்றோடு கொஞ்சம், நாலு மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். "தண்ணி வேணுமா தாயி," என்று அண்ணன் கேட்பான். "இப்பத்தானண்ணே குடிச்சேன்," என்பேன். இரண்டு தடவை சிறுநீரகத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்து படுத்தபோது டாக்டர், "இவ ஏன் தண்ணியே குடிக்க மாட்டேங்கறா," என்று அவர்களைத்தான் திட்டினார். அவர்கள் தலை குனிந்து நின்றார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. மாரிக்கனியக்காவிடம்கூட.

எட்டு மணிப் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. நிழல் அலமாரிக்கு வந்துவிட்டது. அலமாரிக்குப் பக்கத்தில் மேஜை, மேஜையில் மூடின கம்ப்யூட்டர், அதற்குள் ஏப்ரல் மாசம் இருக்கிறது. சிவகாசிக்காரர்கள் தினசரிக் காலண்டரை பல மாசம் முன்கூட்டியே போட்டு முடித்துவிடுவார்கள், கையில் கட்டிய குச்சியால் விசைகளைத் தட்டி முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் நான்தான் பார்க்கிறேன், நல்ல நேரம், ராகுகாலம், பிறை, விரதம், எங்காவது செவ்வாய் இரண்டு தடவை வந்துவிட்டால் கடைசியில் ஊரே சிரிக்கும். நேற்று சாயங்காலம் ஏப்ரல் ஒன்றாம் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் எல்லாம் இருந்தது, எந்த ராசிக்கு என்ன என்பது வரை. அன்றைக்கு நான் எந்த அறையில் எழுந்திருப்பேன் என்பதுதான் இல்லை. பயந்தேன் என்று சொல்ல முடியாது. பயம் என்றால் நெஞ்சு அடிக்கும். இது வேறு, தண்ணீர் மெதுவாக ஏறுகிற மாதிரி, கால் நனைவது எனக்குத் தெரியாது என்பதால் கழுத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிற மாதிரி. இல்லத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், மோசமான இடம் இல்லை, சுத்தமாக இருந்தது, வரிசையாகக் கட்டில்கள், மூன்று மணிக்கு எல்லோருக்கும் டீ, ஏழு மணிக்கு எல்லோருக்கும் விளக்கு அணையும். ஒரு அம்மாள் என்னிடம், "நீ எத்தன மணிக்குத் தூங்குவ," என்று கேட்டாள், கேட்டுவிட்டு அந்தப் பதிலை நிலாவைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள். பத்தரை, சில நாள் பதினொன்று, படுத்துக்கொண்டே போனில் பாட்டுக் கேட்பேன் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

துணையாள் வேலைக்கு மூன்று பேரை நான் நேர்காணல் செய்தேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரை வேலைக்கு எடுப்பேன் என்று நினைத்ததே இல்லை. முதலில் வந்தவள் என் தலைக்கு மேலாக அண்ணனைப் பார்த்து, "அக்காவுக்குக் காப்பிக்குச் சீனி போடலாமா," என்று கேட்டாள், சரி போம்மா என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவள் அழுதாள். மாரிக்கனியக்கா மூன்றாவது, பதினேழு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் நின்ற பெண், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, "எந்தப் பக்கம் படுத்தா ஒனக்குத் தூக்கம் வரும்," என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். அவளை எடுத்துக்கொண்டேன். முதல் மாசமே சண்டை வந்தது, நான் சொல்கிற வேகத்துக்கு அவளால் முடியவில்லை, அவள் இழுக்கிற இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "நீ சொல்லு, நான் செய்யிறேன், ஆனா ஏசாம சொல்லு," என்றாள். அன்றைக்கு ராத்திரி யோசித்துப் பார்த்தேன், பன்னிரண்டு வருஷத்தில் மதினியிடம் மெதுவாகத் தூக்கு என்று நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. எப்படித் தூக்கினாலும் வாய்மூடி இருந்தேன். இவளிடம் முதல் மாசமே சொல்லிவிட்டேன். இவளுக்குச் சம்பளம் வருகிறது, அதனால் எனக்கு வாய் வந்தது. இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மதினியைக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி. சொல்லாவிட்டால் திட்டத்துக்கு என்ன நியாயம் சொல்வேன், சுடிதாரும் கம்ப்யூட்டரும் காட்டி, பாருங்கள் நான் எவ்வளவு நன்றாக இருக்கிறேன் என்றா? நன்றாக இருக்கிறவளுக்குத் துணையாள் எதற்கு என்பார்கள். நன்றாக இல்லாவிட்டால் இல்லத்துக்குப் போ என்பார்கள்.

ஒன்பதரைக்கே போன் வந்தது. புது நம்பர். "செண்பகவடிவுங்களா? எஸ்தர் நவமணி பேசறேன், ஆபீஸ்லருந்து. சீக்கிரமா வந்துட்டேன், உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். கதவு பூட்டியிருக்கே?" ஒரு நொடி, வீட்டில் யாரும் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நாளைக்கு எல்லாம் சரியாக இருக்கும், சந்தனக் கலர், திரும்பிப் பார்க்கிற கோணம். "நாலு, ஏழு, ஒண்ணு, ஒம்பது," என்றேன். "என்னது?" "பூட்டு நம்பர் மேடம். உருட்டி வச்சுக் கீழ இழுங்க. உள்ள நேரா வந்து வலது கைப் பக்கம்." கிர்கிர். பழக்கமில்லாத விரல், இரண்டு தடவை தப்பாக உருட்டித் திறந்தது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வாசலில் நின்றார்கள், எனக்குச் சுவர்தான் தெரிந்தது. "துணையாள் இல்லீங்களா?" "அவங்க வீட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்சிருச்சு மேடம், ஆஸ்பத்திரியில இருக்காங்க. வருவாங்க. நீங்க கட்டிலச் சுத்தி இந்தப் பக்கம் வந்தா நான் உங்க முகத்தப் பாத்துப் பேசுவேன்." சுற்றி வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி, தோளில் பெரிய பை, மேலுதட்டில் வியர்வை. என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வைதான், ஐயோ என்று ஆரம்பித்து வேறெங்கோ போய் நிற்பது. அது மூத்திரப் பையில் போய் நின்றது. "காலைலருந்து இப்படியேவா இருக்கீங்க?" "ஆமா மேடம். ஒரு உதவி செய்யணும். என்னத் திருப்பணும். நான் சொல்றேன், நீங்க செய்யுங்க, பயப்பட ஒண்ணுமில்ல." தோள்பையைக் கீழே வைத்தார்கள். முதுகுத் தலையணையை எடுக்கச் சொன்னேன், ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைக்கச் சொன்னேன், தூக்க வேண்டாம், உருட்டுங்க, பீப்பாயை உருட்டுற மாதிரி என்றேன். உருட்டினார்கள். நான் மல்லாந்தேன். காது விடுபட்டது. காற்று அதன்மேல் பட்டது. அந்தச் சுகத்தில் ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை, மேடம் பயந்துபோய், "ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா," என்றார்கள். "இல்ல மேடம். ரொம்பச் சரியாப் பண்ணுனீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிவத்தை எடுத்தார்கள். பேனாவைத் திறந்து மூடினார்கள். "நான் நேராவே கேக்கறேன்மா. இன்னைக்கு நான் வரலைன்னா என்ன பண்ணிருப்பீங்க? ஒரு ஆள் வரலைன்னா இந்த நிலைமை. இத நான் தனியா வாழறதுன்னு எப்படி எழுதறது?" அந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து படுத்துக் கிடந்திருக்கிறேன் என்று தோன்றியது. நெஞ்சு அடிக்கவில்லை. "உங்க டிரைவர் இன்னைக்கு வரலைன்னா மேடம்?" என்றேன். "வேற வண்டி கேட்டிருப்பேன்." "ஆபீஸ இழுத்து மூடிருங்க, மேடத்தால தனியா வேல பாக்க முடியாதுன்னு யாரும் எழுத மாட்டாங்கல்ல. மாத்து டிரைவர் குடுப்பாங்க. எங்களுக்கு மாத்து ஆள் ஏற்பாடு கிடையாது. அத எழுதுங்க. அக்கா வரலைன்னா அனுப்ப இன்னொரு ஆள் வேணும்னு எழுதுங்க. திட்டத்துல ஓட்டை இருந்தா அடைக்கச் சொல்லுங்க." அவர்கள் சிரித்தார்கள், கொஞ்சம்தான். பிறகு அடுத்த பக்கம். "அண்ணன் இருக்காருன்னு போட்டிருக்கு. நல்லாப் பாத்துக்கிட்டாருன்னும் போட்டிருக்கு. அப்படி ஒரு குடும்பம் இருக்கும்போது அரசாங்கம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

சொல்லிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, முழங்கால் சொடக்கிலிருந்து ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அரை டம்ளர், சோற்றோடு கொஞ்சம், நாலு மணிக்கு மேல் கிடையாது. ஒட்டிக்கொண்ட நாக்கு. டாக்டர் அண்ணனையும் மதினியையும் திட்டியது, அவர்கள் தலை குனிந்தது, நான் பார்த்துக்கொண்டு கிடந்தது. "என் மதினி கெட்டவ இல்ல மேடம். அவளுக்குக் கூலியும் இல்ல, லீவும் இல்ல, போதும்னு சொல்றதுக்கு வழியும் இல்ல. அவ எந்திரிக்கிறதப் பாத்து நான் தண்ணிய நிறுத்துனேன். அவளுக்கே தெரியாது. பாசத்துல செய்யிறவங்ககிட்ட இன்னொரு தடவ வாங்கன்னு எப்படிக் கேக்க? மாரிக்கனியக்காகிட்டக் கேக்கலாம். அது அவங்க வேல. அவங்களும் முடியாதுன்னா முடியாதும்பாங்க, லீவு எடுப்பாங்க. இந்த நாலு வருஷமா எனக்குத் தாகம் எடுத்தா நான் தண்ணி குடிக்கிறேன் மேடம். மேல கேட்டா இதச் சொல்லுங்க." மேடம் எழுதவில்லை. தலைமாட்டுப் பாட்டிலைப் பார்த்தார்கள், அது காலியாக இருப்பதைப் பார்த்தார்கள், எழுந்தார்கள். எழுந்தவர்கள் வாசலைப் பார்த்து அப்படியே நின்றார்கள். நானும் கழுத்தைத் திருப்பினேன். அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

மாரிக்கனியக்கா கூப்பிட்டிருக்கிறாள், வேறு யார். நான் கூப்பிடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வெறுங்காலோடு, ஹெல்மெட் இல்லாத தலை காற்றில் கலைந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக என்று கேட்கவேண்டியிருக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாலே போதும். நாற்பத்தெட்டு வயது மனுஷன், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். "எங்ககிட்டச் சொல்லிருக்கலாம்ல," என்றான். "சொல்லிருந்தா மதினி இன்னும் நாலு தடவ எந்திரிச்சிருப்பாண்ணே." அவன் நிலையை விட்டு உள்ளே வந்தான். பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான், பானையில் மொள்ளுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது, கொண்டுவந்து குழாயை என் வாயில் வைத்தான், நான் குடித்து முடிக்கிறவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் தொண்டையைச் செருமினார்கள். அவர்களுக்கும் சங்கடம்தான், ஆனால் படிவம் படிவம்தானே. "நீங்கதான் அண்ணனா? உங்ககிட்டயும் கேக்கணும். இந்தத் திட்டம் நின்னா, தங்கச்சிய உங்க வீட்ல வச்சுப் பாத்துக்க முடியுமா?"

"முடியும் மேடம்," என்றான். யோசிக்காமல், பட்டென்று. பழைய பின்னறையின் தகரம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து, அதில் ஒரு ஆணித்துளை வழியாக விழுகிற வெளிச்சப் பொட்டுகூட வந்துவிட்டது. மேடம் பேனாவைக் கொண்டுபோனார்கள். "முடியும்," என்றான் மறுபடி, இந்தத் தடவை மெதுவாக, "பன்னெண்டு வருஷம் முடிஞ்சதுல்ல. இன்னும் முடியும். ஆனா வேண்டாம் மேடம்." பேனா நின்றது. "இவ எங்கூடச் சண்ட போடுறா," என்றான். "போன பொங்கலுக்கு வந்தேன். எங்க அம்மா நகைய எம் மகளுக்குப் போடுறதப் பத்திப் பேச்சு வந்துச்சு. எனக்குப் பங்கு இல்லையான்னு கேட்டா. கத்துனா. வெளிய போண்ணேன்னு சொன்னா. ரோட்டுல போய் நின்னு சிரிச்சேன் மேடம். சின்னப் பிள்ளையில இவ இப்படித்தான் இருப்பா. எங்க வீட்ல இருந்த வரைக்கும் ஒரு நாளும் குரல ஒசத்துனதில்ல. நல்ல பிள்ளைன்னு நெனச்சிட்டு இருந்தேன்." கையால் படிவத்தைக் காட்டினான். "எழுதிக்கங்க. அண்ணன் இருக்கான். வந்து போய் இருப்பான். அவ வீட்ல அவ இருக்கட்டும்." அவன் என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசுகிறான், நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசுகிற அதே பேச்சுத்தான், ஆனால் நான் பேசியிருந்தாலும் இதைத்தான் பேசியிருப்பேன். நகையில் எனக்குப் பங்கு உண்டு, அதை மட்டும் பிறகு தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

மேடம் வெகுநேரம் எழுதினார்கள். ஆம், இல்லை கட்டங்களைத் தாண்டிக் குறிப்புரை என்கிற இடத்தில் எழுதுகிறார்கள் என்பது பேனா போகிற நீளத்தில் தெரிந்தது. "என்ன எழுதிருக்கீங்கன்னு படிச்சுக் காட்டுவீங்களா மேடம்?" படித்தார்கள். பயனாளி தமது வாழ்வைத் தாமே நடத்திவருகிறார். அதற்குத் துணையாள் இன்றியமையாதவர். குடும்பத்தினரின் அன்பு இதற்கு மாற்றாகாது. திட்டத்தைத் தொடரவும், மாற்றுத் துணையாள் ஏற்பாட்டைச் சேர்க்கவும் பரிந்துரைக்கப்படுகிறது. "முடிவு என் கையில இல்லம்மா," என்றார்கள். "மேல போகும். என்ன சொல்வாங்கன்னு தெரியாது. ஆனா போற பேப்பர்ல இது இருக்கும்." தெரியும் என்றேன். ஒரு சொல்லும் இடறவில்லை, முழுதும் போக முடிந்தது. கையெழுத்துக்குப் பதில் என் பெருவிரலை மையில் ஒற்றினார்கள், நான் சொல்லாமலேயே பிறகு துணியை நனைத்து மையைத் துடைத்துவிட்டார்கள். அண்ணன் டீ போடப் போனான்.

கிளம்புவதற்காகப் பையைத் தோளில் மாட்டினார்கள். "அடுத்தாப்ல எங்க மேடம்?" என்று கேட்டேன். "வெம்பக்கோட்டைப் பக்கம். ஒரு பையன், இருபத்தாறு வயசு. அவருக்குப் பேச்சு தெளிவா வராதாம். அவங்க அம்மாதான் எல்லாம் சொல்வாங்களாம். அதனால சீக்கிரம் முடிஞ்சிரும்." எனக்கு அந்தப் பையனைத் தெரியாது. ஆனால் அவன் வாயருகே வந்து நிற்கிற சொல்லைத் தெரியும், அது வெளியே வருவதற்குள் அறையில் இருக்கிற வேறு யாரோ அதைச் சொல்லி முடித்துவிடுவதும் தெரியும். "மேடம்," என்றேன், "அவங்க அம்மாவக் கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்லுங்க. அவர்கிட்ட நேராக் கேளுங்க. பாதியில நீங்களா ஊகிச்சு முடிக்காதீங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, அவர் திரும்பச் சொல்லுவார். எவ்வளவு தடவ ஆனாலும் சொல்லுவார்." மேடம் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப நேரமாகுமேம்மா." "ஆகும் மேடம்." செருப்புச் சத்தம் ஒரு படி இறங்கி நின்றது. பிறகு அவர்கள் போனை எடுத்து யாரிடமோ, சாயங்கால மீட்டிங்குக்கு வரமுடியாது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது கேட்டது.